ஏழு நாள் மருந்து

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடும் வேலையில், இமையைத் திறப்பதைவிடப் பிள்ளையின் கையைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. கண் அரிக்கிற பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன்.

ஒட்டாத நோய்

மேலநீலிதநல்லூரில் ஆடு மேய்க்கும் மாடசாமி, ஏழு வயது மகள் பேச்சியம்மாளைக் கூட்டி வந்தார். கசக்கிக் கசக்கி அவளுக்கு இமை தடித்திருந்தது. 'மெட்ராஸ் ஐ' என்று பள்ளிக்கூடத்தில் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். டாக்டரம்மா மேல் இமையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே மேடுமேடாக இருந்தது. பீளை நூலாக இழுபட்டது. "இது அலர்ஜி, யாருக்கும் ஒட்டாது" என்றார்.

"டீச்சர் நம்ப மாட்டாவ. ஒரு சீட்டுல எழுதித் தாங்கம்மா, சீல் பெருசா இருக்கட்டும்" என்றார் மாடசாமி.

பதினொரு குப்பி

அன்று இரண்டு மருந்து எழுதினார்கள். ஒன்று அரிப்பைச் சட்டென்று அடக்கும் ஸ்டீராய்டு. ஏழு நாளோடு நிறுத்த வேண்டும், மீறினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். மற்றது மெதுவாகக் கேட்கும். மாதக்கணக்கில் விட வேண்டும். இதை விளக்குவது என் பொறுப்பு.

ஐந்து மாதம் கழித்து, மருந்துச் சீட்டு கிழிந்துவிட்டது, புதுச் சீட்டு வேண்டும் என்று மகளோடு வந்தார். எந்த மருந்து என்று காட்டப் பையைக் கவிழ்த்தார். பதினொரு காலிக் குப்பி. பதினொன்றும் ஏழு நாள் மருந்து. டாக்டரம்மா உடனே கண் அழுத்தம் பார்த்தார். ஏறியிருந்தது. "ஒரு மாசத்துல இறங்கலேன்னா ஆபரேஷன். நரம்பு கெட்டா பார்வை திரும்பாது" என்றார்.

ஏழு நாள் என்று நான் சொன்னது உண்மை. சொன்னது குப்பியைப் பார்த்து. ஆள் முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். "சொன்னேனே" என்றேன்.

"நீங்க வாயை அசைச்சிய அண்ணாச்சி. மருந்து விட்டா பிள்ளை அசந்து தூங்குச்சு. எனக்கு அதுதான் கேட்டுச்சு."

நாலாவது வாரம்

ஸ்டீராய்டை நிறுத்தி, அழுத்தம் குறைக்க வேறு சொட்டு கொடுத்தார்கள். வாராவாரம் வந்தார்கள். முதல் இரண்டு வாரம் அசையவில்லை. மூன்றாவது வாரம் கொஞ்சம் இறங்கியது. நாலாவது வாரம் சரியான அளவு, நரம்புக்கும் சேதமில்லை. மாடசாமி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அரிப்பு திரும்பியிருந்தது. ராத்திரியெல்லாம் தூங்காமல், பஸ்ஸிலும் வழி முழுதும் மகளின் இரண்டு கையையும் பிடித்தபடியே வந்திருக்கிறார். "கசக்கக் கூடாதும்மா" என்றேன், அவள் முகத்தைப் பார்த்தே.

"அப்பா தூங்கட்டும் தாத்தா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

இப்போதெல்லாம் 'ஏழு நாள்' என்பதை மூன்று தடவை சத்தமாகச் சொல்கிறேன். இங்கே காதுக்கும் வைத்தியம் உண்டா என்று நாலு பேர் விசாரித்துவிட்டார்கள்.