பதில் சொன்னவள்

மாலையில் ஏலத்தோட்டத்துக்குள் வெளிச்சம் மங்கும்போது மேட்டிலிருந்து ஒரு குரல் இறங்கி வரும். “ராசிங்காபுரத்தா!” இலைகளுக்கு அடியிலிருந்து “ஓ” என்று ஒரு பதில். “பொட்டிபுரத்தா!” இன்னொரு “ஓ.” ஏலக்காய், செடியின் தூரில் மண்ணை ஒட்டிய சரங்களில் காய்ப்பது. குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆளை மறைக்கும் இலைகள் தலைக்கு மேல் மூடிக்கொள்ளும். பக்கத்துத் தூரில் இருப்பவளைக்கூடப் பார்க்க முடியாது. அதனால் ஜீப்புக்குக் கிளம்பும் முன் கங்காணி அக்கா ஒவ்வொருத்தியையும் அவள் ஊரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கடைசியாகத் தன் மகளை. மகளை மட்டும் பெயர் சொல்லி. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். எந்த ஊரிலும் கால் நிலைக்கவில்லை. போடியில் லோடு இறக்கினேன், சலித்ததும் மலையேறினேன். காய்ச் சாக்குகளை ஸ்டோருக்குச் சுமப்பதும் என் வேலை என்பதால் அந்தக் கூப்பாட்டை நாள்தோறும் கேட்டேன். பெண்கள் பதிலோடு வம்பையும் சேர்த்து அனுப்புவார்கள். “இன்னும் சாகலக்கா, இருக்கேன்!” என்பாள் ராசிங்காபுரத்துக்காரி. “நீ எங்கடி சாவ, எங்களக் கொன்னுட்டுத்தான போவ” என்பாள் இன்னொருத்தி. தோட்டமே சிரிக்கும்.

ஒரு ஆவணியில் மழை விடவே இல்லை. ஓடையின் மேல் பாலமாகக் கிடத்தியிருந்த மரத்தடியில் நடந்துதான் ஜீப் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். அன்றும் அக்கா கூப்பிட்டாள். எல்லோரும் பதில் சொன்னார்கள். மகளும் சொன்னாள், என் காதாலேயே கேட்டேன். ஜீப்பை நிறுத்திவைக்க அக்கா முன்னால் ஓடினாள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தடியைத் தாண்டினார்கள். கடைசியாக வந்த மகள் நடுவில் இருக்கும்போது வெள்ளம் தடியைப் புரட்டிக்கொண்டு போனது. கூடை மட்டும் கீழே ஒரு பாறையிடுக்கில் கிடைத்தது. ஓடையோடு இறங்கிப் பல நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

காரியம் செய்ய அக்கா சம்மதிக்கவில்லை. “பதில் சொன்ன புள்ளைக்கு என்னத்துக்குக் காரியம்? வந்துக்கிட்டிருக்கா” என்றாள். திரும்பவும் வேலைக்கு வந்தாள். அந்தி சாயும்போது வரிசை மாறாமல் கூப்பிட்டாள். கடைசிப் பெயரைச் சொல்லிவிட்டு இலைகளையே பார்த்தபடி நிற்பாள். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஜீப் ஓட்டிய மலையாளத்து அண்ணன் மட்டும் மெதுவாக, “சேச்சி, மதி. மஞ்சு எறங்குது, கேறு” என்பார். போதும், மூடுபனி இறங்குது, வண்டியில் ஏறு என்பதை அவர் பாஷையில் அப்படித்தான் சொல்வார். “செத்தப் பொறுங்கண்ணே. வந்துருவா” என்பாள். அவர் இன்ஜினை அணைத்துவிடுவார். இருட்டில் ஜீப் இறங்குகிறது என்று தோட்டத்து மேலாள் கத்தினார், வேறு கங்காணியை வைப்பேன் என்றார். “வச்சுக்கங்க. காய அந்தக் கங்காணியே எடுக்கட்டும்” என்றார்கள் பெண்கள். பேச்சு அத்தோடு நின்றது.

மறு வருடம் கிளம்பிவிட்டேன். கூலி போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அந்தக் கடைசிப் பெயருக்குப் பின் வரும் அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. மதுரையில் ஹோட்டல், தூத்துக்குடியில் உப்பளம், பிறகு லாரி. எங்கே படுத்தாலும் அந்த அமைதி கூடவே வந்தது.

எண்பதுகளில் வேலையில்லாமல் அதே ஸ்டோருக்கு வந்து நின்றேன். ஓடைக்குச் சிமெண்டுப் பாலம் வந்திருந்தது. அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கூப்பாடு மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் காலையில் கம்பம் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வந்தாள். அவசரத்தில் அக்கா அவளிடம் ஊர் கேட்கவில்லை. மாலையில் கூப்பாடு தொடங்கியது. எல்லா ஊரும் முடிந்து மகளின் பெயர் வந்தது. வழக்கமான அமைதி. அதற்குள்ளிருந்து, “ஓ! இந்தா வர்றேன்!” என்றது ஒரு குரல். இலைகள் அசைந்தன. தலையில் கூடையோடு, முழங்கால்வரை சேற்றோடு அவள் வெளியே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்துப் பயந்து, “எல்லாரையும் கூப்பிட்டாச்சு, நான்தான பாக்கி? ஊரு தெரியாம ஏதோ பேரச் சொல்றாகன்னு நெனச்சேன்” என்றாள்.

அக்கா அவளிடம் நடந்து போனாள். அடிப்பாளோ என்று நினைத்தேன். கூடையை இரண்டு கையாலும் வாங்கிக் கீழே வைத்தாள். “இம்புட்டு நேரமா ஆத்தா?” என்றவள், அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். வெகு நேரத்துக்குப் பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீ எந்த ஊரு?”

“கம்பம் பக்கம்க்கா.”

“சரி கம்பத்தா, வெரசா கேறு. அண்ணன் வையும்.”

மறுநாள் கடைசிக் கூப்பாடு “கம்பத்தா!” என்றிருந்தது. அந்த வாரமே ஓடைக்கரையில் மகளுக்குக் காரியம் நடந்தது. நான்தான் படையல் பொங்கலுக்கு விறகு சுமந்தேன்.

அக்கா போய் வெகு காலமாகிவிட்டது. போன மாதம் மலையிலிருந்து திரும்பும்போது நான் வந்த பஸ் போடிமெட்டில் டீக்காக நின்றது. மூடுபனி. கிளம்பும்போது கண்டக்டர், “எல்லாரும் ஏறியாச்சா?” என்று கத்தினார். ஆச்சு, ஆச்சு என்று உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் குரல்கள் வந்தன. எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து பதில் சொன்ன பெண் படியேறி வந்து உட்காரும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.