அக்கிக்கு எழுதிய காவி

தேங்காய்ச் சிரட்டையில் குழைத்த காவியும் அதில் தோய்த்த கோழியிறகும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கின்றன. ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தபோது அப்பாவுக்கு இடுப்பில் அக்கி வந்தது. துறைமுகத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மண்டோர் அவர். சட்டை உரசினாலே துடித்தார். ஊரில் என்றால் குயவர் வந்து கொப்புளங்களின்மேல் காவியால் எழுதுவார். இங்கே குயவருக்கு எங்கே போவது? கோலத்துக்குப் பழகிய கை என்று அந்த வேலை அண்ணியிடம் வந்தது. அண்ணி அப்பாவின் அக்காள் மகள். தாயில்லாதவளை அவர்தான் வளர்த்து அண்ணனுக்குக் கட்டிவைத்தார். நிறைமாதத்தில் தரையில் உட்கார்ந்து, கசிந்த நீரைத் துடைத்துத் துடைத்து எழுதினாள். "எரியுதா மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அப்போது ஊரெங்கும் பெரியம்மை பயம். எல்லோரும் வரிசையில் நின்று அம்மை குத்திக்கொண்டோம். அப்பா அதோடு விடாமல் வாசலில் வேப்பிலை செருகி, காய்ச்சல்காரர் எவரையும் படியேறவிடாமல் பார்த்துக்கொண்டார். அம்மைக்கு ஆயிரம் கட்டுப்பாடு வைத்திருந்த வீட்டில் அக்கிக்கு ஒன்றுகூட இல்லை. அம்மை என்றால் ஆத்தா. அக்கி வெறும் சூடு. இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்?

அப்பாவின் புண் காய்ந்துவந்த சமயத்தில் அண்ணியின் வயிற்றில் முத்துகள் தெரிந்தன. எங்களுக்கெல்லாம் சிறுவயதிலேயே வந்துபோன சின்னம்மை. அவளுக்கு மட்டும் அதுவரை வந்ததில்லை. மறுநாளே பிரசவம். ஆண் குழந்தை. ஒரு வாரம் நன்றாகப் பால் குடித்தான். பிறகு அவன்மேலும் முத்து போட்டது, மூச்சு இழுத்தது. "ஆத்தா எறங்கியிருக்கிற வீட்டுல ஊசியா?" என்று அப்பா வழிமறித்தார். அண்ணன் அவரைத் தள்ளிவிட்டுப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். வெறுங்கையோடு திரும்பினான்.

அப்பாவுக்கு யாரையாவது குற்றம் சொல்லியாக வேண்டும். முத்து கண்ட காலையில், அது தெரியாமலே, அண்ணி சாம்பாருக்குக் கடுகு தாளித்திருந்தாள். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. "கடுகு வெடிச்ச வீட்டுல ஆத்தா சும்மா இருப்பாளா? புள்ளைய நீதான் தூக்கிக் குடுத்த" என்றார். அதன்பின் அவள் தாளித்த எதையும் அவர் தொட்டதில்லை. அவருக்கென்று தனியாக, நோயாளிக்குச் சமைப்பதுபோல அண்ணி சமைத்துவைத்தாள். அவளுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை.

அறுபதுகளின் பிற்பாதியில் புக்கிட் மேரா அடுக்குமாடிக்கு மாறியிருந்தோம். நான் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு கிழவரின் அக்கியைப் பார்த்த டாக்டர், கூட வந்த கர்ப்பிணி மகளை உடனே வெளியே நிற்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அக்கியும் சின்னம்மையும் ஒரே கிருமிம்மா" என்றார். அம்மை ஆறினாலும் அது போவதில்லையாம். நரம்பின் வேரில் பல வருடம் படுத்துக் கிடந்து, உடம்பு தளரும்போது அக்கியாக எழும்புமாம். அந்தக் கொப்புள நீர் பட்டால், முன்பு அம்மை காணாதவருக்கு அம்மையாகவே வரும். பிரசவ நேரத்தில் தாய்க்கு வந்தால் பிள்ளை பிழைப்பது கஷ்டம். பெரியம்மை வேறு கிருமி. அதற்குக் குத்திய ஊசி இதைத் தடுக்காது. இன்றைக்கு அக்கிக்கே தடுப்பூசி இருக்கிறது. எனக்குப் போட்டபோது அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் சொன்ன அன்று பஸ்ஸில் வந்த வழி முழுக்க எனக்கு ஆத்திரம். வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவைக் கேட்காமல் விடப்போவதில்லை என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"மாமாகிட்ட சொல்லாத. தன்னாலதான் பேரன் போனான்னு தெரிஞ்சா அன்னைக்கே செத்துருவாரு. எனக்குத்தான் பழகிருச்சே."

அவள் சொன்னதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். சில வருடம் கழித்து அப்பா படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அண்ணியின் கையைப் பிடித்து, "நீ செஞ்சத நான் எப்பவோ மன்னிச்சிட்டேம்மா" என்றார்.

அண்ணி அவர் வாயைத் துடைத்துவிட்டு, "சரி மாமா" என்றாள்.