மூன்று கோட்டிலும் கணக்கு

கல்லூரி விண்ணப்பத்தில் விருப்பப் பாடம் எழுத மூன்று கோடுகள் இருந்தன. மூன்றிலும் கணக்கு என்றே எழுதினேன். தெரியாமல் இல்லை, தெரிந்துதான். முந்தைய வருஷம் எங்கள் தெருவிலிருந்து போன அக்கா முதல் கோட்டில் இயற்பியலும் மூன்றாவதில் வரலாறும் எழுதியிருந்தாள். நல்ல மார்க். கிடைத்தது வரலாறு. கஷ்டமான பாடம் உனக்கு எதற்கு என்றார்களாம். அந்த மூன்றாவது கோட்டை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கென்றே போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையை மறித்துக்கொண்டிருந்த காலம். வடக்கனந்தலில் காலையில் ஏறிய பஸ் உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அப்பாவும் நானும் இறங்கி நடந்து, அப்புறம் ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வழியெல்லாம் யாருக்கு எத்தனை சீட்டு என்றுதான் பேச்சு. சீட்டு கிடைத்தபின் எந்தப் பாடத்தில் உட்கார விடுவார்கள் என்று ஒருவரும் பேசவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் ரிஷிவந்தியம் பக்கத்து நிலக்காரர் வீட்டுப் பையன் நின்றான். கணக்கில் என்னைவிட முப்பது மார்க் கம்மி. அவனே சிரித்துக்கொண்டு மார்க் ஷீட்டைக் காட்டினான். மேசைக்குப் பின்னால் இருந்த கணக்குப் பேராசிரியர் அவன் விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

என்னுடையதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மூன்று கோட்டிலும் ஒரே பாடம் எழுதுவது திமிர் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, காலேஜ் கணக்கு ரொம்பக் கஷ்டம், பெயிலாகிப் படிப்பையே விட்டுவிடுவாய், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். என் மார்க் ஷீட் மடித்தபடியே கிடந்தது.

அப்பா துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சார் சொன்னா கேட்டுக்கம்மா. அவருக்குத் தெரியாததா இன்னா?" என்றார். அப்பா மேல் வந்த கோபம் பேராசிரியர் மேல்கூட வரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து இறங்கிய மனுஷன். அது கஷ்டமப்பா, சுலபமாக வேறு வேலை எடுத்துக்கொள் என்று இத்தனை வருஷத்தில் எந்த முதலாளியாவது அவர் நல்லதுக்குச் சொல்லியிருக்கிறானா?

"பெயிலானா நான்தான சார் பெயிலாவப் போறேன்? கணக்கே போடுங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டே பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அப்பா என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்.

பாடம் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த கணக்கைத் திடீரென்று இங்கிலீஷில் போடச் சொன்னார்கள். முதல் வருஷம் எனக்கு ஒரு பேப்பர் போய்விட்டது. ரிஷிவந்தியம் பையனுக்கு மூன்று போனது.

ரிசல்ட் வந்த அன்று பேராசிரியர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். என்னிடம், "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வரலாறுக்கு மாத்தித் தரேன், எழுதிக் குடு" என்றார். அதற்கான காகிதத்தைக்கூடத் தயாராக எடுத்து வைத்திருந்தார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "அடுத்த தடவ நல்லா படிச்சு எழுதுப்பா" என்றார்.

நான் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. பெயிலான அந்தப் பேப்பரின் கணக்குகளை அதில்தான் போட்டுப் பழகினேன்.