கதவைத் தொட்டுவிட்டு

சிகிச்சை அறைக்குள் நுழையும் முன், சின்னத்தாய் கதவின் எவர்சில்வர் கைப்பிடியில் இடது உள்ளங்கையை அழுத்தி வைக்கிறார். பிறகுதான் கால் உள்ளே போகிறது. அச்சங்குளம் பட்டாசு ஆலையில் படிந்த பழக்கம். வெடிமருந்து அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் அங்கே எவரும் நுழையலாம். “மாமியாளுக்குச் சோறு போட மறந்திருக்கேன். தகட்டத் தொட மறந்ததில்ல” என்பார்.

உலோகத்தின் சில்லிப்பு கையில் ஏறினால்தான் அவருக்கு நிம்மதி. மார்பகப் புற்றுக்குக் கீமோ ஊசி ஏற்றி முடித்ததிலிருந்து அந்தச் சில்லிப்பு தெரிவதில்லை. அந்த மருந்தில் விரல்கள் மரத்துவிட்டன. ரவிக்கை ஊக்கு மாட்டவே அரை நாழிகை ஆகிறது.

ஆமத்தூரில் தனியாகப் பொங்கித் தின்கிற அறுபத்தாறு வயது. “இன்னொரு தடவ சுட்டுக்கிட்டீகன்னா அடுப்பத் தூக்கிருவேன், கோயம்புத்தூருக்கு வந்துரணும்” என்று மகன் மாரிக்கண்ணன் சொல்லியிருக்கிறார். அங்கே மகனுடையது மூன்றாம் மாடி வீடு. “அங்கன போயி செவத்தோடயா பேசுவேன்?” என்கிறார் சின்னத்தாய். சிரிப்பதில்லை.

மரத்த கைக்கு அன்றாட வேலைகளை மறுபடி பழக்குவது கீர்த்திகாவின் வேலை. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் ஒரு பொருளை வைத்தார்.

“இது என்னம்மா?”

சின்னத்தாய் இமையிடுக்கில் பார்த்தார். “சீப்பு.”

“காப்பி அடிக்கிறீங்களே.”

“பள்ளிக்கூடம் போயிருந்தா அங்கனயே அடிச்சு முடிச்சிருப்பேன், தாயி.”

“அந்தக் கையையும் குடுங்க.”

வலது கை முந்தானைக்குள்ளிருந்து வரவில்லை. கீர்த்திகா மெல்ல விலக்கினார். பெருவிரலில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. காலையில் தோசைக்கல்லில் விரல் கிடந்ததே, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

“வலிக்கலயா?”

“வலிச்சா எடுத்திருக்க மாட்டேனா?” குரல் இறங்கியது. “எம் மகன்ட்ட சொல்லிருவீகளா?”

கீர்த்திகா களிம்பு தடவிக் கட்டுப் போட்டார். பிறகு முழங்கையின் உள்மடிப்பைத் தொட்டார். “இங்க உணர்ச்சி நல்லா இருக்கு. தண்ணிச் சூட்டை இனிமே இத வச்சுப் பாருங்க. அடுப்புப் பக்கம் போனா துணிக்கையுறை இல்லாம எதையும் தொடாதீங்க. மகன்கிட்ட நீங்களே சொல்லுங்கம்மா. வெளியதான இருக்காரு.”

“ஆத்தா, முடிஞ்சுச்சா?” வெளியிலிருந்து மாரிக்கண்ணனின் குரல்.

சின்னத்தாய் கதவருகே வந்தார். கட்டுப் போட்ட விரல் மறுபடி முந்தானைக்குள் போயிருந்தது. இடது உள்ளங்கையைக் கைப்பிடியில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்து, முழங்கையின் மடிப்பை அதே இடத்தில் வைத்து அழுத்தினார். சில்லென்றது.

கதவைத் திறக்காமல் அப்படியே நின்றார்.