கடையைத் திறந்து வையுங்கள் என்றவர்

தேயிலை விலை விழுந்த அந்த வருடங்களில் குன்னூர் கடைவீதி முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. எங்களுடையது ஸ்வெட்டர், குடை, மழைக்கோட்டு விற்கும் கடை. கோயமுத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த நான், கணவர் மத்தியானம் சாப்பிடப் போகும்போது கல்லாவைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்து, பிறகு நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டேன். எஸ்டேட் ஜனங்கள்தான் எங்கள் வாடிக்கை. சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து, பிள்ளைகளுக்குக் குல்லா போட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகத் தடுமாறத் தொடங்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. போதாததற்கு அடிக்கடி கடையடைப்பு. கொடியோடு நாலு பேர் வந்து நின்றால் கதவைச் சாத்த வேண்டியதுதான். யூனியன் என்றாலே என் கணவருக்கு முகம் சுண்டிவிடும்.

அப்படியொரு காலையில்தான் அந்த அக்கா வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு, முழங்கை வரை மடித்துவிட்ட ஆம்பிளை ஸ்வெட்டர். மலைக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு எஸ்டேட்டின் சங்கத் தலைவி என்று சொன்னார்.

என் கணவர் முந்திக்கொண்டார். "மறுக்காவும் கடையச் சாத்தோணுமுங்களா? யாவாரமே இல்லாத நேரத்துல இதென்னுங்க இது?"

"சாத்த வேணாமுங்க. தெறந்து வைங்கன்னு சொல்லத்தான் வந்தேன். நாளைக்கு எங்க பொம்பளைங்க ஊர்வலமா வாறாங்க. கடை பூட்டிக் கெடந்தா நாங்க யாருகிட்ட பேசுறது?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். அதோடு ஒட்டிக்கொண்டோம்.

அவர் சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். தொழிலாளர் குடியிருப்பை 'லயம்' என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்பதற்காகவே எதையாவது கேட்டுக்கொண்டிருப்பேன்.

மறுநாள் பெண்கள் வந்தார்கள். சாலையை மறிக்கவில்லை, பஸ் போக வழிவிட்டு ஓரமாக வரிசையில் நடந்தார்கள். எங்கள் கடைவாசலில் அடுப்பை மூட்டி, லயத்து வீடுகளில் மிச்சமிருந்த தூளைப் போட்டு டீ காய்ச்சினார்கள். போகிற வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு டம்ளர். நின்று குடிக்கிறவரிடம், கொடுத்த பெண்ணே தன் கதையைச் சொல்ல வேண்டும். அதுதான் அக்காவின் ஏற்பாடு. மைக் கிடையாது. ஊட்டி பார்க்க வந்த குடும்பங்களும், தேயிலை ஏல ஆபீஸ் குமாஸ்தாக்களும் நின்று கேட்டார்கள்.

ஒரு லாரி டிரைவர் மட்டும் கத்தினார். "உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணே. அந்தச் சோலி போனதாலதான் இங்க நிக்கிறோம்," என்று அக்கா டம்ளரை நீட்டினார். டிரைவர் முறைத்துக்கொண்டே இறங்கி வந்து வாங்கிக் குடித்தார். பர்லியாரில் தன் தங்கையைக் கட்டிக்கொடுத்திருப்பதாகவும், அவள் வீட்டுக்காரருக்கும் எஸ்டேட்டில்தான் வேலை என்றும், போகும்போது சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு டவுனுக்கு வரும்போதெல்லாம் அக்கா கடைக்கு வந்துவிடுவார். சங்கத்து விஷயம் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருக்கும். வெந்நீர் கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு லயத்துக்குப் போனேன். வீடு வீடாக நுழைந்தார். ஒரு வீட்டில் ஒரு பெண் எழுந்துகூட வரவில்லை. "ஒங்க சங்கம் என்னத்தக் கிழிச்சிச்சு?" என்று உள்ளிருந்தே கேட்டாள். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, அங்கே கிடந்த பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். அவள் திட்டித் தீர்த்து, அழுது, கடைசியில் பக்கத்தில் வந்து உட்காரும்வரை உரித்துக்கொண்டே இருந்தார்.

சில வாரங்கள் கழித்து நிர்வாகம் ஒரு சமாதானம் சொல்லி அனுப்பியது. எஸ்டேட் ஃபேக்டரியைத் திறக்கிறோம், ஆனால் வாரத்தில் பாதி நாள்தான் வேலை. ஒத்துக்கொள்ளலாம் என்பது அக்காவின் எண்ணம். கூட்டத்தில் அதைச் சொல்லி, கை தூக்கச் சொன்னார். பெரும்பாலோர் வேண்டாமென்று தூக்கிவிட்டார்கள். மறுநாள், துரை என்று அவர்கள் சொல்லும் எஸ்டேட் மேனேஜரிடம் போய், "எங்களுக்கு இது வேணாம்" என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு நேராக என்னிடம்தான் வந்து நடந்ததைச் சொன்னார்.

"உங்களுக்கு இஷ்டந்தானுங்களே அக்கா? அப்புறம் எதுக்குங்க 'எங்களுக்கு'ன்னு சொன்னீங்க?"

"கை தூக்குனது அவங்க. வாயி மட்டுந்தான் என்னோடது, தங்கச்சி," என்றார். வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார்.

ஃபேக்டரி திறக்கவே இல்லை. குளிர்காலத்தில் ஜனங்கள் பெட்டியும் கூடையுமாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். அக்கா ஒவ்வொரு குடும்பத்தையும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். வேண்டாமென்று கை தூக்கியவர்களையும் அப்படித்தான். யாரிடமும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தன் லயத்து வரிசையில் கடைசி அடுப்பு அணைந்த பிறகுதான் தன் சாமானைக் கட்டினார்.

திருப்பூர் புறப்படுமுன் விடைபெற வந்தவர் கடையில் நின்றபடியே பேசினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அங்க போய் என்னங்கக்கா பண்ணுவீங்க?"

"அங்கயும் பொம்பளைங்கதானே வேலை செய்யுறாங்க," என்றார்.

என் கணவர் ஒரு புது ஸ்வெட்டரை எடுத்து நீட்டினார். "அந்த ஊரு வெக்கைக்கு இது எதுக்குங்க?" என்று அக்கா, என் கணவரின் 'ங்க' போட்ட மரியாதைப் பேச்சிலேயே கேலி செய்தார். என் கன்னத்தை ஒருதரம் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். மேட்டுப்பாளையம் பஸ் திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

பல வருடம் கழித்து வேறொருவர் அந்த எஸ்டேட்டை வாங்கித் திறந்தார். போனவர்களில் கொஞ்சம் பேர்தான் திரும்பினார்கள். வடக்கிலிருந்து வந்த புது ஜனங்கள் இப்போது எங்களிடம் ஸ்வெட்டர் வாங்குகிறார்கள். திரும்பி வந்த ஒருத்தியிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

திருப்பூரில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. கல்யாணம், காது குத்து என்று போகும்போது, சாயங்காலம் கம்பெனி விடுகிற நேரத்தில் கணவரைக் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போவேன். கேட்டிலிருந்து பெண்கள் கும்பலாக வெளியே வருவார்கள். களைத்த முகங்கள், தலையில் பஞ்சுத் தூசி. ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். என் கணவருக்கு நான் யாரைத் தேடுகிறேன் என்று தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

போன தடவை ஒரு கேட்டுக்கு எதிரே, டீக்கடை ஓரத்தில், ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக நின்று யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெருங்கிப் போனேன். பேசிக்கொண்டிருந்தவள் இளம்பெண். முன்பின் பார்த்திராத முகம். என்னைக் கவனித்துவிட்டு, "என்னங்கம்மா வேணும்?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அங்கிருந்து நகர மனம் வரவில்லை. அவள் பேசி முடிக்கும்வரை கூட்டத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.