கொள்ளு மேல ஏறாம நின்ன கார்

செஞ்சியில டிரைவிங் ஸ்கூல் நடத்துறவ நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில உக்காந்திருக்கும்னு என்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாரும் சொல்லுவாங்க. ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே வண்டி ஏன் நகரமாட்டேங்குதுன்னு கேட்டா யாருக்குத்தான் கோபம் வராது? அப்படிப்பட்ட என்னையே ஒரு ரெண்டு மாசம் பொறுமைசாலியா ஆக்கிட்டாங்க, டென்மார்க்குல இருந்து வந்த ஒரு அம்மா.

அவங்க வீட்டுக்காரருக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு கம்பெனியில மூணு வருஷ வேலை. டவுன் வேணாம்னு மேல்சித்தாமூர் போற வழியில ஒரு கிராமத்துல வீடு எடுத்தாங்க. ரெண்டு பிள்ளைங்க. பொண்ணுக்குப் பத்து வயசு, பையனுக்கு ஏழு. ஆட்டோவுல செஞ்சி ஸ்கூலுக்கு வந்துட்டுப் போவாங்க. அந்தம்மா அவங்க ஊருல இருபது வருஷம் கார் ஓட்டினவங்க, ஆனா இங்க வந்ததுக்கு அப்புறம் சாவியைத் தொடவே பயம், அதான் என்கிட்ட கத்துக்க வந்தாங்க. அங்க ரோட்டுல வலது பக்கம் போகணும், இங்க இடது பக்கம். இண்டிகேட்டர் போடுறேன்னு வைப்பரைப் போட்டுடுவாங்க. சுள்ளுன்னு வெயில் அடிக்கிற நேரத்துல கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே திரும்புற காரை பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்துச்சு.

நடுவுல ரெண்டு நாள் ஆட்டோ வரல. பிள்ளைங்க பையை மாட்டிக்கிட்டு ரோட்டுலயே நின்னிருக்காங்க. வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில ஒரு வீடு பார்த்துட்டு வந்துட்டாரு. மாசிக் கடைசிக்குள்ள பிள்ளைங்களை நீயே ஸ்கூல்ல கொண்டுபோய் விட முடிஞ்சா இங்க இருக்கலாம், இல்லேன்னா கிளம்பலாம்னு சொல்லிட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அந்தம்மாவுக்குத்தான் போக மனசில்ல. பிள்ளைங்க இந்த ஊரோட ஒட்டிக்கிட்டாங்க, அதோட ஒரு ரோட்டுக்குப் பயந்து ஓடினேன்னு ஆயிடக் கூடாதுன்னு பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமா சொல்லிட்டு என் முன்னாடியே அழுதுட்டாங்க. இவங்களை ஓட்ட வைக்காம விடுறதில்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

பெரிய பாடு ஹாரன்தான். அவங்க ஊருல ஹாரன் அடிச்சா ஒருத்தரை மூஞ்சிக்கு நேரா திட்டுற மாதிரியாம். ஒரு நாள் ஆட்டு மந்தைக்குப் பின்னாலயே அரை மணி நேரம் ஊர்ந்தோம். மேய்க்கிறவரு திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு, இன்னாமா, ஆடு கீடு வேணுமான்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஹாரன்னா திட்டு இல்லம்மா, 'வரேன், கொஞ்சம் பார்த்துக்க'ன்னு சொல்றதும்மான்னு புரிய வச்சேன். மறுநாள்ல இருந்து காக்காய்க்குக் கூட ஹாரன் அடிச்சாங்க.

பெயிண்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர், ஆள் கை காட்டின இடத்துலயே நிக்குற ஷேர் ஆட்டோ, நாம ஒதுங்குவோம்னு நடு ரோட்டுலயே படுத்திருக்கிற நாயி, எல்லாம் பழகிட்டாங்க. மாசிக் கடைசி வாரம் திங்கக்கிழமை தனியா ஓட்டுறதுன்னு முடிவாச்சு. நான் வரமாட்டேன்னு சொல்லியிருந்தேன். மனசு கேட்டாத்தானே? அவங்க கண்ணுல படாம ஸ்கூட்டியில பின்னாலயே போனேன். நடுவுல ஒரு போன் வந்துச்சு, நின்னு பேசிட்டு வளைவைத் தாண்டினா, கார் நடு ரோட்டுல நிக்குது. மூணு கதவு திறந்து கிடக்குது. ஸ்கூட்டியை முறுக்கினேன்.

கிட்ட போய்ப் பார்த்தா ரோடு முழுக்கக் கொள்ளுச் செடி. அறுவடை முடிஞ்சா எங்க ஊருல கொள்ளை ரோட்டுலதான் போடுவாங்க. பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி காய் வெடிச்சுக் கொள்ளு உதிர்ந்துடும், கட்டையால அடிக்கிற வேலை மிச்சம். போடக் கூடாதுன்னு போர்டு இருக்குது, அந்தப் போர்டுக்குக் கீழயும் போட்டிருப்பாங்க. நாங்க மார்கழிக் கடைசியில ஓட்ட ஆரம்பிச்சோம், அப்ப ரோடு காலியா இருந்துச்சு. சின்ன வயசுல இருந்து பார்க்கிறதுனால இதை ஒரு பாடம்னு நான் நினைக்கவே இல்ல. ஆனைக்கும் அடி சறுக்கும், எனக்கு அங்க சறுக்கிடுச்சு.

அம்மாவும் பிள்ளைங்களும் குனிஞ்சு, செடியைக் கை நிறைய வாரி ஓரத்துல அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. கார் போற அகலத்துக்கு, தலையில வகிடு எடுத்த மாதிரி பாதை போட்டுட்டாங்க. அதுக்குள்ள செடிக்குச் சொந்தக்கார அக்கா வயல்ல இருந்து ஓடி வந்து பிடிபிடின்னு பிடிச்சிக்கிச்சு. விடிஞ்சதும் விடியாததுமா ஒண்டி ஆளா விரிச்சுப் போட்டதை இப்படி வாரிக் கொட்டுறியே, கண்ணு தெரியலயான்னு ஒரே கத்தல். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. சாரி சாரின்னு சொல்லிக்கிட்டே காருக்குள்ள போய் ஸ்டீரிங்ல தலையை வச்சு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஜன்னல்கிட்ட போனதும், பாண்டிச்சேரிக்கே போயிடுறோம்னு என்கிட்ட சொன்னாங்க. அந்தப் பொண்ணு கையில வாரின செடியைக் கீழயும் போடாம அப்படியே நின்னுச்சு. எனக்கு என் மேலயே கோபம் கோபமா வந்துச்சு.

வண்டி ஏறணும்னுதான் போட்டிருக்காங்கம்மான்னு ஜாடையும் பேச்சுமா விளக்கினேன். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாங்க.

"சாப்பாடு மேலயா? கார்?"

அந்த அக்கா பக்கம் திரும்பினேன். உன் பயிரு வீணாயிடுமேன்னுதான் பிள்ளைங்களையும் இறக்கி வாருறாங்க, அவங்க ஊருல தின்ற பொருள் மேல வண்டி ஏத்தமாட்டாங்கன்னு சொன்னேன். அக்கா ஓரத்துல அடுக்கியிருந்த செடியை ஒரு தடவை பார்த்துச்சு. அப்புறம் கார்கிட்ட போய் ஜன்னல் வழியா அந்தம்மா கையைப் பிடிச்சிக்கிச்சு.

"இத்தினி வருஷமா போடுறேன், எவனும் எறங்கிப் பார்த்ததில்லமா. நீ ஏறு. தைரியமா ஏறு."

வாரினதை எல்லாரும் சேர்ந்து திரும்ப விரிச்சோம். அந்தம்மா ஃபர்ஸ்ட் கியர் போட்டு, யாரையோ மிதிக்கப் போற மாதிரி மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு ஏத்தினாங்க. நொறுநொறுன்னு சத்தம் கேட்டதும் பையன் கைதட்டினான். ஒரு தடவை போதாதுன்னு அக்கா சொல்லிடுச்சு. அந்தாண்ட போய்த் திருப்பிக்கிட்டு வந்தாங்க, திரும்பவும் போனாங்க. நாலாவது நடைக்கு அவலூர்பேட்டையோ எங்கயோ போற பஸ் ஒண்ணு பின்னால வந்து ஹாரன் அடிச்சுச்சு. அந்தம்மா ஜன்னல்ல கையை நீட்டி, இரு இருன்னு காட்டிட்டு, பதிலுக்கு நீளமா ஒரு ஹாரன் அடிச்சாங்க பாருங்க. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுது. டிரைவரும் சிரிச்சுக்கிட்டே நின்னாரு.

ஸ்கூலுக்கு அரை மணி நேரம் லேட்டு. கிளம்புற நேரத்துல அக்கா திரும்பவும் ஜன்னல்கிட்ட வந்துச்சு. வயல்ல இன்னும் பாதிக் கொள்ளு கிடக்குது, நாளைக்கும் இந்நேரத்துக்கு வருவியாமான்னு கேட்டுச்சு. நான் இங்கிலீஷ்ல சொல்றதுக்காக வாயைத் திறந்தேன். அதுக்கு வேலையே வைக்கல அந்தம்மா.

"வருவேன். தினமும் வருவேன்."

பின் சீட்டுல அந்தப் பொண்ணு தம்பியைக் கட்டிப் பிடிச்சிக்கிச்சு. கார் செஞ்சிப் பக்கம் கிளம்பிடுச்சு. நான் பின்னால போகல. ஸ்கூட்டியை ஓரமா நிறுத்திட்டு, அந்த அக்காவோட சேர்ந்து செடியைப் புரட்டிப் போட ஆரம்பிச்சேன்.