அடுப்படிக்கு முன்னே நின்ற கோடு

நோர்வேயில் பிள்ளையின் ஆசிரியை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நானும் அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டுமாம். இத்தனை வருஷமாகியும் என் வாய்க்கு அது வரவில்லை. பெற்றோர் சந்திப்பில் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்காருவேன். போன குளிர்காலத்திலும் மகள் தர்ஷினியோடு அப்படித்தான் உட்கார்ந்தேன்.

ஓவிய ஆசிரியை அவள் வரைந்த படத்தை மேசையில் விரித்தார். மலைச்சரிவு முழுக்கப் பென்சிலால் இழுத்த மெல்லிய கோடுகள். தேயிலை வரிசைகள் என்று எனக்கு உடனே தெரிந்தது. அடிவாரத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளோடு தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயம். உச்சியிலிருந்து கரியால் அழுத்திப் போட்ட ஒரே ஒரு கறுப்புக் கோடு அந்த வரிசைகளை அறுத்துக்கொண்டு இறங்கி, லயத்தின் பின்சுவருக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க, இது மட்டும் தடித்தும் மெலிந்தும் நடுங்கியும் தன் இஷ்டத்துக்கு வந்திருந்தது. ஆசிரியை அதைத்தான் புகழ்ந்தார். என்ன துணிச்சலான 'ஸ்ட்ரேக்' என்றார். கோடு என்று அர்த்தம். உங்கள் குடும்பம் புறப்பட்டு வந்த பயணமா இது என்று கேட்டார். நான் 'ஸ்ப்ரெக்' என்றேன். அவர்கள் மொழியில் வெடிப்புக்கு அதுதான் சொல். என் உச்சரிப்புத் தவறிவிட்டதென்று நினைத்து, அவர் பொறுமையாக, "ஸ்ட்ரேக்," என்று திருத்தினார். நானும் தலையாட்டினேன்.

ஊரில், மலையகத்தில், வட்டகொடைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் என் அக்கா இருந்த லயம் அது. நான் பிறந்ததும் அங்கேதான். அதற்கு முந்தைய ஆடியில் தர்ஷினியைக் கூட்டிப் போயிருந்தபோது, லயத்துக்குப் பின்னால், அடுப்படிச் சுவருக்குச் சற்று முன்னால்வரை, மண் வெடித்துக் கிடந்தது. மழை பலத்தால் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கிக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். வேறு வீடு பற்றிப் பேச்சே இல்லை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் அக்கா களிமண்ணை அடைத்து மிதிப்பார்; அடுத்த மழையில் மறுபடி திறந்துகொள்ளும். தர்ஷினி ஓரத்தில் குந்திக் கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை போனது. பயமா இல்லையா அத்தை என்று கேட்டாள்.

"பயந்தா எங்கம்மா போறது?" என்று அக்கா தேநீரை ஊற்றினார்.

சந்திப்பு முடிந்து வெளியே வந்ததும், ஆசிரியையிடம் ஏன் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன். சொன்னால் படத்தைப் பார்க்க மாட்டார்கள், நம்மைப் பாவமாகப் பார்ப்பார்கள் என்றாள். பிறகு, "அடுப்படிகிட்ட வந்து நின்னுருச்சுல்லப்பா. அதான் நானும் அங்கயே நிறுத்திட்டேன்," என்றாள்.

நிற்கவில்லை. ஐப்பசி மழையில் அது அடுப்படிக்குள் வந்துவிட்டதை அக்கா தொலைபேசியில் சொல்லி, பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றிருந்தார். இனி மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். தர்ஷினி அழவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து அத்தையைத் தொலைபேசியில் அழைத்தாள். வீட்டை விட்டுப் போகச் சொல்லி மாதக்கணக்காக நான் கெஞ்சியும் அசையாதவர் அக்கா. இவள் கெஞ்சவில்லை.

"அத்தை, அந்தக் கோட்ட நான் வீட்டுக்குள்ள வரைய மாட்டேன். நீங்க வெளிய வாங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா, "சரிம்மா," என்றது எனக்கும் கேட்டது.

அந்த வாரமே பாத்திரங்களையும் சாமிப் படத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டகலையில் தன் மகனுடைய வாடகை அறைக்குப் போனார். அவர் போனதைப் பார்த்துப் பக்கத்து வீட்டாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அடுத்த பெருமழையில் அடுப்படிச் சுவரோடு அக்காவின் வீடே சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து வீட்டார் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். அக்கா கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி அதே மலைக்கு வேலைக்குப் போகிறார்.

வசந்தத்தில் பள்ளிக் கண்காட்சி வைத்தார்கள். படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது, கோடு நீளவில்லை. நானும் மகளும் எங்கள் மலையகத் தமிழில் பேசுவதைக் கேட்டு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் அன்பாகப் பக்கத்தில் வந்து, "நீங்கள் இந்தியாவோ?" என்றார். ஊரில் அலுவலகங்களில் என் அப்பாவைச் சிங்களத்தில் கேட்டதும் இதைத்தான். இல்லை என்று சொல்லி, படத்தில் லயத்தின் கடைசிக் கதவின்மேல் விரலை வைத்தேன்.

"இதுதான் எங்க வீடு."

அது இப்போது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. விரலை எடுத்தபோது, கதவை மறைத்துக்கொண்டு கண்ணாடியில் என் ரேகை பதிந்திருந்தது.